பழைய டிரங்க் ரோட்டு மைல்கற்களைத் தேடுவது, படிப்பது, காப்பாற்றுவது: வேலூர்ப் பக்கத்துக்கான வழிகாட்டி

எங்கள் பக்கத்து டீக்கடை ஒன்றின் வாசலில் உட்காருவதற்கென்று ஒரு கருங்கல் கிடக்கிறது. காலை ஆறு மணிக்கே அதில் இடம் பிடிக்கப் போட்டி. உட்கார்ந்திருப்பவர் எழுந்து போனால் கல்லின் ஒரு முகத்தில் வெட்டெழுத்து தெரியும்: மெட்ராஸ் என்று இங்கிலீஷில், கீழே ஒரு எண். அந்த எண் அந்த இடத்துக்குப் பொருந்தாது. ஒரு மைல் கூடுதலாக இருக்கிறது. வெட்டியவர் மேல் தப்பில்லை. சாலையை அகலப்படுத்தியபோது ஜேசிபி கல்லைப் பெயர்த்து ஓரம் தள்ளியது, மண்ணோடு மண்ணாக லாரியில் ஏறிய கல் ஒரு மைல் கிழக்கே வந்து இறங்கிவிட்டது. நூறு வருடத்துக்கு மேல் உண்மை சொன்ன கல் இப்போது பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இதில் என் பங்கும் உண்டு. கல் இடம் மாறுவதற்கு இரண்டு மாதம் முன்பு நானே அதைப் படம் எடுத்திருந்தேன். சாய்வாக, அழகாக, பின்னால் புளியமரம் தெரிய. ஆனால் போனில் லொகேஷன் ஆஃப். எந்த மரத்துக்கு எதிரே, எந்தப் பாலத்திலிருந்து எத்தனை அடி என்று ஒரு வரிகூடக் குறித்துவைக்கவில்லை. மைல்கல்லுக்கு அதன் இடம்தான் உயிர். கோயில் சிற்பத்தை அருங்காட்சியகத்தில் வைத்தாலும் அது சிற்பம்தான்; மைல்கல்லைப் பூங்காவில் கொண்டுபோய் நட்டால் அது வெறும் எண் எழுதிய கல். கீழே சொல்லியிருப்பதெல்லாம் இந்த ஒன்றை மனதில் வைத்துச் சொன்னவை.

எந்தச் சாலை, அது எங்கே போனது

சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. ரோடு எல்லோருக்கும் தெரியும். கொல்கத்தா பக்கம் போகும் ஜி.என்.டி. ரோடும் தெரியும். மூன்றாவதான ஜி.டபிள்யூ.டி., அதாவது கிராண்ட் வெஸ்டர்ன் டிரங்க் ரோடு என்ற பெயர்தான் வழக்கொழிந்துவிட்டது. சென்னையிலிருந்து பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரத்துக்குப் பக்கமாக வந்து, ஓச்சேரி, காவேரிப்பாக்கம், வாலாஜாபேட்டை, ராணிப்பேட்டை என்று பெங்களூரு நோக்கிப் போன பெருஞ்சாலை அது. ராணிப்பேட்டைப் பக்கத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு கிளை சித்தூர், கோலார் வழியாக ஏறும். இன்னொன்று பாலாற்றைத் தாண்டி ஆற்காடு, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி என்று போகும். சுதந்திரத்துக்குப் பிறகு முதல் கிளை என்.எச். 4 ஆனது, இரண்டாவது என்.எச். 46. 2010ல் எண்களை மாற்றினார்கள்; வேலூர் வழிக்கு என்.எச். 48, ராணிப்பேட்டை–சித்தூர் துண்டுக்கு என்.எச். 40. பழைய கட்டுரை, பழைய வரைபடம் எதைப் படித்தாலும் இந்த எண் குழப்பம் வரும். ஒரு தாளில் எழுதி வண்டிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தங்க நாற்கரச் சாலை போட்டபோது நெடுஞ்சாலை ஊர்களை விட்டு விலகி ஓடத் தொடங்கியது. நமக்கு அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. ஆறு வழிக்காக அகலப்படுத்திய இடத்தில் பழைய கல் மிஞ்சியிருக்க வாய்ப்பே குறைவு. பைபாஸ் கைவிட்டுப்போன பழைய துண்டுகளில்தான் தேட வேண்டும். வேலூரில் ‘ஆற்காடு ரோடு’ என்றும் ‘பெங்களூர் ரோடு’ என்றும் இன்றும் சொல்கிறோமே, அந்தப் பெயர்களே தடயம். காகிதப்பட்டறை, சத்துவாச்சாரி பக்கம் கிழக்கே. கொணவட்டம், பொய்கை, பள்ளிகொண்டா பக்கம் மேற்கே.

1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது, அதை அடக்க ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்தது இந்த ஆற்காடு–வேலூர் வழியில்தான். பதினாறு மைல். மக்கான் சந்திப்பில் இருக்கும் சிப்பாய்ப் புரட்சி நினைவுத்தூணைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலை நடந்தது ஒரு சாலையின் கதையும்தான். ஆற்காடு பதினாறு மைலில் இல்லாமல் ஐம்பது மைலில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மைலுக்கு முன்னால் காதம்

மைல்கல் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. மைல்தான் அவன் கொண்டுவந்தது. பெயர் வைத்த பெருவழியும் அதில் தூரக்கல்லும் நமக்கு அதற்கு வெகுகாலம் முன்பே உண்டு. கோயம்புத்தூருக்கு மேற்கே, பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம், இராஜகேசரிப் பெருவழி என்று பெயர் வெட்டிய சோழர் காலக் கல்வெட்டு இருக்கிறது. தருமபுரிப் பக்கம் ‘அதியமான் பெருவழி’ என்று பெயர் சொல்லி, நாவல் தாவளம் என்ற இடத்துக்கு இத்தனை காதம் என்று தூரமும் சொல்லும் கற்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று 29 காதம். எழுத்துக்குக் கீழே இரண்டு பெரிய குழிகள், ஒன்பது சிறிய குழிகள். பெரிய குழி பத்து, சிறியது ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத வண்டிக்காரர் இருட்டில் கையால் தடவிப் பார்த்தே தூரத்தைத் தெரிந்துகொண்டிருக்கலாம். இன்றைக்கு எந்த நெடுஞ்சாலைப் பலகையும் இந்த வசதியைத் தருவதில்லை.

நம் பக்கத்தோடு தொட்டுக்கொள்வது சேலம் மாவட்டம் ஆறகளூர்க் கல். ‘மகதேசன் பெருவழி’ என்று பெயர், காஞ்சிபுரத்துக்கு 41 காதம் என்று தூரம், நாலு பெரிய குழி, ஒரு சிறிய குழி. இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காதம் என்றால் பத்து மைல் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்படியானால் 41 காதம் 650 கிலோமீட்டருக்கு மேல் வரும். ஆறகளூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 170 கி.மீ., சாலை வழி வளைந்து நெளிந்தாலும் 200 பக்கம்தான். 41ஆல் வகுத்தால் ஒரு காதம் நாலரையிலிருந்து ஐந்து கி.மீ. என்று வருகிறது. அகராதியை விடக் கல் நம்பகமான சாட்சி, ஆனால் அது நின்ற இடம் தெரிந்தால் மட்டும்.

வட ஆற்காட்டுக் கல்வெட்டுகளில் பாணர் என்ற அரச மரபினரின் நாட்டை ‘வடுகவழி மேற்கு’ என்று சொல்வதைப் பார்க்கலாம். ஒரு சாலையை வைத்தே ஒரு நாட்டுக்குப் பெயர். ஆகவே நீங்கள் தேடப் போகும்போது குழி போட்ட கல் ஏதாவது கண்ணில் பட்டால், அம்மி கொத்திய கல் என்று நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள். பக்கத்தில் எழுத்து இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

எந்தக் கல் என்ன கல்

சாலையோரம் நிற்பதெல்லாம் மைல்கல் அல்ல. நம் மாவட்டங்களில் குறைந்தது ஏழெட்டு வகைக் கற்கள் ஒரே சாலையில் கலந்து நிற்கும்.

பழைய மைல்கல் பெரும்பாலும் கருங்கல், தலை அரைவட்டமாகவோ கூம்பாகவோ செதுக்கியது, எழுத்து வெட்டியது. சில கற்களுக்கு இரண்டு முகம் சாய்வாக இருக்கும். எந்தப் பக்கமிருந்து வருபவருக்கும் அவரவர் ஊர் தெரிவதற்காக. அதைவிடக் குட்டையாக, ஒன்றிலிருந்து ஏழு வரை ஏதாவது ஓர் எண் மட்டும் போட்ட கல் பர்லாங் கல். எட்டு பர்லாங் ஒரு மைல் என்பதால் எட்டாவது கல் இருக்காது, அந்த இடத்தில் மைல்கல் நிற்கும். 1956ல் மெட்ரிக் சட்டம் வந்து 1960களில் சாலைகள் கிலோமீட்டருக்கு மாறின. அப்போது நட்டவை கி.மீ. கற்கள்: தலையில் மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ஐந்து கி.மீ.க்கு ஒரு முறை கொஞ்சம் பெரிய கல் வரும். 2, 4, 6, 8 என்று மட்டும் எழுதிய குட்டிக் கற்கள் 200 மீட்டருக்கு ஒன்று. பர்லாங் 201 மீட்டர்தான் என்பதால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடைவெளியில் நிற்கும். புதிதாகத் தேட வருபவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். ஒற்றைப்படை எண் இருந்தால் அது பர்லாங். இரட்டைப்படை மட்டுமே வரிசையாக வந்தால் மெட்ரிக்.

இனி மைல்கல் அல்லாதவை. இரண்டு செங்குத்துக் கல் மேல் ஒரு படுக்கைக் கல் என்றால் அது சுமைதாங்கி. தலைச்சுமையை இன்னொருவர் உதவியில்லாமல் இறக்கி வைக்க, திரும்ப ஏற்றிக்கொள்ள. கர்ப்பிணியாக இறந்த பெண்ணின் நினைவாக வைக்கும் வழக்கம் உண்டு. ஆள் உருவம், வில், கத்தி தெரிந்தால் நடுகல். செங்கம் பக்கத்தில் பல்லவர் காலத்திலிருந்து இருக்கின்றன, தமிழ் எழுத்து வரலாற்றுக்கே அவை முக்கியம். சூலம் வெட்டியிருந்தால் கோயில் நில எல்லையாக இருக்கலாம். மேலே அம்புக்குறியோ கூட்டல் குறியோ மட்டும் இருந்தால் சர்வே கல்; அதைத் தொடவே வேண்டாம், நகர்த்தினால் பக்கத்து நிலக்காரர்கள் இருவர் வாழ்நாள் முழுக்கக் கோர்ட்டுக்கு அலைவார்கள்.

வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டியவை

வண்டியை எடுப்பதற்கு முன் இரண்டு மாலை செலவிடுங்கள். இந்திய நில அளவைத் துறையின் பழைய டோப்போ ஷீட்டில் வேலூர், ஆற்காடு, வாலாஜாபேட்டை 57பி என்ற எண்ணில் வரும்; இந்த ‘பி’ இங்கிலீஷ் வரிசையில் பதினாறாவது எழுத்து, இரண்டாவது அல்ல. ஆம்பூர், குடியாத்தம், வாணியம்பாடி 57எல். சாலை நெடுக தூரக் கற்களை எண்ணோடு குறிப்பது அந்த வரைபடங்களின் வழக்கம். மைல் காலத்து ஷீட்டும் கி.மீ. காலத்து ஷீட்டும் கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாலை எங்கே நேராக்கப்பட்டது என்று பளிச்சென்று தெரியும்.

அடுத்தது கிராம வரைபடம். வருவாய்த் துறை வரைபடத்தில் சாலை தனிப் புல எண்ணாக, சாலைப் புறம்போக்காக இருக்கும். இன்று முட்புதராகக் கிடக்கும் வளைவு அதில் அகலமான சாலையாக இருந்தால் உங்கள் வேட்டை அங்கே.

கணக்கு எங்கிருந்து தொடங்கியது என்பதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். டிரங்க் ரோட்டில் பெரும்பாலும் சென்னைக் கோட்டையிலிருந்து. உள்சாலைகளில் அப்படியில்லை. 1911ல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்து போகும்வரை வட ஆற்காட்டுக்குத் தலைநகர் சித்தூர்தான்; அதன் பிறகே வேலூர். ஆகவே உள்சாலையில் ஒரு பழைய கல்லின் எண் வேலூர்க் கணக்குக்கும் சென்னைக் கணக்குக்கும் ஒத்துவராவிட்டால் சித்தூரிலிருந்து எண்ணிப் பாருங்கள்.

வரைபடத்தில் ஊர்ப் பெயர்களையும் கவனியுங்கள். சத்திரம், சாவடி, பேட்டை என்று முடிபவை சாலையால் பிழைத்த ஊர்கள். வாலாஜாபேட்டை 1866லேயே நகராட்சி ஆனது. அதற்குப் பத்து வருடம் முன், 1856 ஜூலை 1 அன்று, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து ஓடி வந்து நின்றதும் வாலாஜா ரோடு வரைதான். ஸ்டேஷன் பெயரிலேயே ரோடு இருப்பதைப் பாருங்கள்.

களத்தில் தேடும் முறை

பிப்ரவரி, மார்ச் மாதம் நல்லது. மழைக்காலப் புல் காய்ந்திருக்கும், வேலூர் வெயில் இன்னும் முழுசாக ஏறியிருக்காது. ஏப்ரல், மே மாதம் காலை பத்துக்கு மேல் கல்லைத் தொட்டால் கை சுடும். சீமைக்கருவேலத்துக்குள் போகக் கனமான செருப்பு வேண்டும், நீளக் கம்பு ஒன்று வேண்டும். புதரைத் தட்டிவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும். தனியாகப் போகாதீர்கள். பாம்பு மட்டும் காரணமில்லை, சாலையோரத்தில் குனிந்திருப்பவரை லாரிக்காரர் பார்க்கமாட்டார். ஒருவர் கல்லைப் பார்த்தால் இன்னொருவர் ரோட்டைப் பார்க்க வேண்டும்.

தேடும் முறை எளிது. முதல் கல்லைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. ஒன்று கிடைத்துவிட்டால் அடுத்தது 1609 மீட்டரில் இருந்தாக வேண்டும். வண்டி மீட்டரை நம்பாதீர்கள், அது நூறு மீட்டருக்கு ஒரு முறைதான் நகரும். போன் வரைபடத்தில் பழைய சாலையின் வளைவைப் பிடித்து அளந்து ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிக்கு முன்னும் பின்னும் நூறு நூறு மீட்டர், இரண்டு பக்கமும் நடந்து பாருங்கள். சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் பல கற்கள் கழுத்து வரை புதைந்திருக்கும். தலையின் வளைவு மட்டும் ஒரு சாண் வெளியே தெரியும். பார்க்கிறவர் சும்மா ஒரு கல் என்று தாண்டிப் போய்விடுவார்.

புளியமரங்களை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரிசைப் பெரிய புளியமரம், உடம்பில் வெள்ளை கறுப்புப் பட்டை, எண் எழுதியிருந்தால் அது நெடுஞ்சாலைத் துறை மரம். வருஷா வருஷம் புளி ஏலம் விடுவார்கள். இன்றைய சாலை ஒரு பக்கம் போக, மர வரிசை வேறு பக்கம் வளைந்து போனால், மரத்தின் பின்னால் போங்கள். சாலை ஏமாற்றும், மரம் ஏமாற்றாது.

அப்புறம் ஊர் மக்களிடம் கேளுங்கள். ‘மைல்கல் எங்கே’ என்று கேட்டால் மஞ்சள் தலைக் கல்லைக் காட்டுவார்கள். ‘எழுத்து வெட்டின பழைய கல்லு, அந்தக் காலத்து ரோட்டுக் கல்லு’ என்று கேளுங்கள். ஆடு மேய்ப்பவர்களுக்குத் தெரியும். பஞ்சர் கடைக்காரருக்குத் தெரியும். ஒரு முறை மாதனூர்ப் பக்கம் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றியிருந்த கல்லைப் படம் எடுக்கப் போனபோது ஒரு பாட்டி தடுத்துவிட்டார்.

“இன்னாத்துக்குப்பா எங்க சாமிய படம் புடிக்கிற?”

மைல்கல் என்று விளக்கினேன். அவர் அசரவில்லை.

“மைலோ கிய்லோ, எங்க மாமியா காலத்துல இருந்து இங்கதான் கீது. இது நவுந்தா ஊருக்கு ஆவாது.”

என்னைவிட அந்தப் பாட்டி அந்தக் கல்லைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார். துணியை விலக்காமல், கற்பூரம் ஏற்ற ஐந்து ரூபாய் கொடுத்துவிட்டு, அவர் அனுமதியோடு தெரிந்த மட்டும் படம் எடுத்தேன். சாமியான கல்தான் பத்திரமாக இருக்கும். அதன் மஞ்சளைக் கழுவிப் படிக்கப் போகாதீர்கள்.

எழுத்தைப் படிப்பது

இங்கே பொறுமை வேண்டும். பழைய கற்களின் மேல் வருடா வருடம் சுண்ணாம்பும் பெயிண்டும் ஏறியிருக்கும். மேலே எழுதிய பெயிண்ட் எழுத்து ஒன்று சொல்லும், உள்ளே வெட்டிய எழுத்து வேறொன்று சொல்லும். பெயிண்டை நம்பாதீர்கள். மெட்ரிக்குக்கு மாறியபோது பழைய மைல்கல்லையே தூக்கிப் போய்ப் புதிய கி.மீ. இடத்தில் நட்டு, மேலே பெயிண்டில் புது எண் எழுதிய இடங்களும் உண்டு. வெட்டெழுத்து மைலும் பெயிண்ட் கிலோமீட்டரும் கணக்கில் பொருந்தவில்லை என்றால் இதுதான் காரணமாக இருக்கும்.

சுரண்டக் கூடாது. கம்பி பிரஷ், ஆசிட், பெயிண்ட் ரிமூவர் எதுவும் வேண்டாம். சாக்பீஸ் பொடி, மைதா மாவு தேய்த்துப் படிக்கும் வழக்கமும் வேண்டாம். குழிக்குள் தங்கி ஈரம் பிடிக்கும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழ வைப்பது. காலை ஏழு மணி வெயில் அல்லது மாலை ஐந்தரை வெயில் கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போகும்போது, நடுப்பகலில் தெரியாத எழுத்து நிழலோடு எழுந்து நிற்கும். கல் வடக்குப் பார்த்து நின்றால் வெயில் உதவாது. இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்து, நாலு பக்கமிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி, காயும்போது பார்ப்பதும் பலன் தரும். குழியில் ஈரம் கடைசியில்தான் காயும். அந்த ஒரு நிமிடத்தில் எண் தெரிந்துவிடும்.

தமிழ் எண் தெரியாமல் போகாதீர்கள். ௧ ௨ ௩ ௪ ௫ ௬ ௭ ௮ ௯ ஒன்று முதல் ஒன்பது. ௰ பத்து, ௱ நூறு. ‘கடுகு உளுந்து ஙனைச்சுச் சமைச்சு ருசிச்சுச் சாப்பிட்டேன் என அவன் கூறினான்’ என்று யாரோ கட்டிய வாய்பாட்டை மனப்பாடம் செய்தால் முதலெழுத்துகள் வரிசையாக வந்துவிடும். பழைய முறையில் இடமதிப்பு கிடையாது, பத்தும் நூறும் தனி எழுத்தாக நடுவில் நிற்கும். 79 என்றால் ௭௰௯. ஆம்பூர்ப் பக்கம் சென்னைத் தூரம் 118 மைல் என்று எழுத வேண்டுமானால் ௱௰௮. இதை அறியாமல் எழுத்தாக எண்ணி வாசித்தால் ‘எயகூ’ என்று என்னவோ வரும். நான் அப்படி ஒரு நாள் முழுக்க யோசித்திருக்கிறேன்.

தேய்ந்த கல்லில் இரண்டு இடத்தில் தவறுவோம். ௬ என்பது ‘சு’ போல. அதன் சுழி தேய்ந்தால் ‘ச’ போன்ற ௪ ஆகிவிடும். இரண்டு மைல் பிசகும். இன்னொன்று, தனியாக நிற்கும் ௨. அதைப் பார்த்ததும் யாராவது பிள்ளையார் சுழி என்பார்கள். பிள்ளையார் சுழி உச்சியில் இருக்கும், நடுமுகத்தில் இருக்காது; நடுவில் இருந்தால் அது இரண்டாவது பர்லாங்காக இருக்கலாம்.

மொழி விஷயத்தில் ஒரு செய்தி. சாலைக் கல்லில் எந்த எழுத்து இருக்க வேண்டும் என்பது நம் பக்கத்தில் இன்றும் சூடான விஷயம்தான். 2017ல் வேலூர், கிருஷ்ணகிரி மாவட்டத் தேசிய நெடுஞ்சாலைக் கற்களில் இங்கிலீஷை அழித்து இந்தியில் எழுதியபோது கட்சிகள் பல கண்டித்தன. அந்த வருடத்துக் கற்களின் படங்கள் உங்களிடம் இருந்தால் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். அவையும் வரலாறுதான்.

கணக்குப் போட்டுச் சரிபார்ப்பது

படித்த எண்ணை அப்படியே நம்பாமல் தூரத்தோடு ஒப்பிட வேண்டும். உதாரணத்துக்கு, வேலூருக்குக் கிழக்கே ஒரு கல்லில் ௮௰௨ என்று படித்தீர்கள். 82 மைல், 1.609ஆல் பெருக்கினால் 132 கி.மீ. சென்னைக் கோட்டையிலிருந்து பழைய சாலை வழியாக அளந்தால் அந்த இடம் வேலூருக்குக் கொஞ்சம் முன்னால், பெருமுகைப் பக்கம் விழும். கல் அங்கே நின்றால் சரி. ஒரு கி.மீ. முன்பின் போனால் கவலை வேண்டாம், சாலையை நேராக்கியதில் தூரம் குறைந்திருக்கும். மூன்று நான்கு கி.மீ. பிசகினால் மூன்று காரணம் இருக்கலாம்: தப்பாகப் படித்தீர்கள், கல் இடம் மாறிவிட்டது, அல்லது கணக்கு வேறு ஊரிலிருந்து. பக்கத்துக் கல் ஒன்று கிடைத்தால் சந்தேகம் தீரும். ஒரு கல் சாட்சி, இரண்டு கல் நிரூபணம்.

பதிவு செய்வது

என் டீக்கடைக் கல் கற்றுத்தந்த பாடம் இது. படம் எடுக்கும் முன் லொகேஷனை ஆன் செய்யுங்கள். அதோடு நிறுத்தாதீர்கள், போன் பத்துப் பதினைந்து மீட்டர் தவறும். நகராத மூன்று பொருள்களிலிருந்து டேப்பால் அளந்து எழுதுங்கள்: சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவர், கோயில் மதில் மூலை, எண் போட்ட புளியமரம். மரம் மட்டும் போதாது, அதையும் வெட்டிவிடுவார்கள். சாலையின் எந்தப் பக்கம், எழுத்து முகம் எந்தத் திசை, தரைக்கு மேல் உயரம், அகலம், கனம், தலை வடிவம் என்று எல்லாவற்றையும் குறியுங்கள். படங்களில் ஒன்று தூரத்திலிருந்து சாலையோடு சேர்த்து, ஒன்று முழுக் கல் பக்கத்தில் அளவுகோல் வைத்து, ஒவ்வொரு முகத்துக்கும் ஒன்று, எழுத்துக்கு நெருக்கத்தில் நாலைந்து. தாளில் கையால் ஒரு படம் வரையுங்கள். கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் வரையும்போதுதான் கண் ஒழுங்காகப் பார்க்கிறது.

கல்லின் மேல் தாளை ஒட்டி, மை ஒற்றி எழுத்தைப் படியெடுக்கும் மைப்படி பழகியவர்கள் வேலை. முயல வேண்டாம்.

கல்லை அங்கேயே நிற்க வைப்பது

சாலை வேலைக்கான மார்க்கிங் விழுந்துவிட்டது, அல்லது மண் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்றால் நாள் கடத்தாதீர்கள். முதலில் யாருடைய சாலை என்று பாருங்கள். இன்றைய என்.எச். 48 தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையது. பைபாஸ் விட்டுச்சென்ற பழைய துண்டுகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடமோ நகராட்சியிடமோ இருக்கும். மாவட்டமும் முக்கியம்: வட ஆற்காடு 1989ல் இரண்டானது, அதில் வேலூர் 2019ல் மூன்றானது. காவேரிப்பாக்கம், வாலாஜா, ஆற்காடு என்றால் ராணிப்பேட்டை ஆட்சியர். பொய்கை, பள்ளிகொண்டா என்றால் வேலூர். மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடி என்றால் திருப்பத்தூர். தவறான ஆட்சியரிடம் கொடுத்த மனு மூன்று வாரம் ஊர் சுற்றும்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். நகல் நெடுஞ்சாலைக் கோட்டப் பொறியாளருக்கும் தொல்லியல் துறைக்கும். மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. வரலாற்றுப் பெருமை பேசாதீர்கள், பொறியாளருக்கு வேண்டியது கல் எங்கே இருக்கிறது, அவர் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும். நான் எழுதுவது இப்படி:

“இந்தச் சாலையில் இன்ன சிறுபாலத்திலிருந்து மேற்கே 46 மீட்டரில், இடது ஓரத்தில், எழுத்து வெட்டிய பழைய மைல்கல் உள்ளது. படமும் வரைபடமும் இணைத்துள்ளேன். அகலப்படுத்தும் பணியில் இதை அகற்றாமல் இருக்க வேண்டுகிறேன். அகற்றியே ஆக வேண்டுமெனில், சாலையின் குறுக்கே நேராக ஓரத்துக்கு மட்டும் நகர்த்தி, அதே தூரத்தில், எழுத்து முகம் அதே திசை பார்க்க நட வேண்டுகிறேன்.”

கடைசி வாக்கியம்தான் உயிர். குறுக்கே பத்து மீட்டர் தள்ளினாலும் மைல் மாறாது. நெடுக்கே தள்ளினால் மாறிவிடும். இதை விளக்கினால் எந்தப் பொறியாளரும் ஒப்புக்கொள்வார், அவர்களுக்கு இது சாதாரணக் கணக்கு.

சட்டத்தையும் ஒரு வரியில் நினைவூட்டலாம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த கல்வெட்டு தொல்பொருள். பதில் வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ‘என் மனு மீது என்ன நடவடிக்கை’ என்று கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். கல் ஏற்கனவே பெயர்ந்து அநாதையாகக் கிடந்தால், வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். இடம் கண்டுபிடிக்கவே வழியில்லை என்றால் மட்டும் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குத் தகவல் சொல்லலாம்.

பலகை வைப்பதென்றால்

சில ஊர்களில் இளைஞர்கள் ஆர்வமாகப் பலகை வைக்கக் கேட்கிறார்கள். அனுமதி வாங்கி வையுங்கள், ஆனால் கல்லின் மேல் ஆணி, சிமெண்ட், கிரானைட் பட்டை எதுவும் கூடாது. மூன்று அடி தள்ளித் தனிக் கம்பத்தில். நன்கொடையாளர் பெயர் கல்லின் எழுத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்று முதலிலேயே பேசிவிடுங்கள், பின்னால் சண்டை வரும். வாசகம் நாலு வரி போதும்: சாலையின் பழைய பெயர், கல்லில் வெட்டியுள்ள எண் இன்றைய எழுத்தில், அது எந்த ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டர், கல் நகர்த்தப்பட்டதா இல்லையா. நகர்த்தியிருந்தால் எங்கிருந்து எங்கே என்று மறைக்காமல் எழுதுங்கள். ‘ஆயிரம் ஆண்டுப் பழமை’ என்று அளந்துவிடாதீர்கள். மைலில் எழுதிய கல்லுக்கு ஆயிரம் வயது இருக்க முடியாது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்கும்.

டீக்கடைக் கல்லுக்கு வருகிறேன். மேற்கே மிஞ்சியிருக்கும் இன்னொரு மைல்கல்லைப் பிடித்து, அங்கிருந்து 1609 மீட்டர் பின்னால் அளந்து, இது நின்ற இடத்தைக் கிட்டத்தட்டக் கண்டுபிடித்துவிட்டேன். என் பழைய படத்தில் பின்னால் தெரிந்த புளியமரத்தின் அடிக்கட்டை அங்கே இன்னும் இருக்கிறது. மனு கொடுத்தாகிவிட்டது, எண்ணும் வந்துவிட்டது. கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை.

“எடுத்துக்கினு போங்க சார், எனக்கின்னா. ஆனா பதிலுக்கு ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டுட்டுப் போங்க.”